ஒன்பது பெடல், நான்கு பெயர்

திருச்சி பாலக்கரையில், தையல் சாமான் விற்கும் கடைக்கு மேல் மாடியில் மார்சலின் மாஸ்டரின் பட்டறை இருந்தது. கிட்டார், ஆம்ப்ளிஃபயர், பெடல் என்று எது பழுதானாலும் சுற்றுவட்டாரத்து இசைக்குழுக்காரர்கள் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

மாஸ்டருக்கு வயது முப்பத்தெட்டு. சனிக்கிழமைதோறும் வந்து அவரிடம் ஈயப் பற்றவைப்பு வேலை கற்றுக்கொண்டிருந்த குணாளனுக்கு ஐம்பத்தொன்று. குணாளன் அவரை மாஸ்டர் என்பார். மாஸ்டர் குணாளனை அண்ணே என்பார். இருவருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

குணாளன் இருபத்தெட்டு வருடமாக ஒரே மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா எதையும் விட்டதில்லை. காலடியில் ஒரு பலகை. அதில் ஒன்பது பெடல்கள். ஒன்றை மிதித்தால் கிட்டார் கரகரக்கும். இன்னொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். மெல்லிய பின்னணியிலிருந்து தனி வாசிப்புக்குப் போகும்போது ஒன்றை அணைத்து மூன்றைப் போட வேண்டும். கண் இமைப்பதற்குள் அவர் கால் அதைச் செய்துவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மணப்பாறை சாலையில் அவருடைய வண்டி சறுக்கியது. வலது கணுக்காலில் தகடு வைத்தார்கள். நடை திரும்பிவிட்டது. பாதம் மட்டும் மடங்க மறுத்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலோடு சேர்த்துத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. இடது காலால் மிதித்துப் பார்த்தார். வலது கால் உடம்பைத் தாங்காமல் ஆடியது.

குணமாகி வந்த பிறகு வாசித்த முதல் கல்யாணத்தில் தனி வாசிப்பு தப்பான சத்தத்தில் வந்தது. கீழே இருந்த ஆட்கள் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. குழுவிலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரை அரித்தது. அதற்குப் பிறகு நான்கு மாதமாக எப்படியோ தப்பித்து வந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை பெடல் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"மாஸ்டர், ஸ்விட்ச்சர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஒரு மிதி மிதிச்சா போதும், எது அணையணுமோ அணையும், எது எரியணுமோ எரியும். அந்த மாதிரி."

"வாங்கலாமே."

குணாளன் கைபேசியை நீட்டினார். அதில் மூன்று படங்கள். ஒன்றில் நான்கு பொத்தான்கள். இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் பத்துப் பொத்தானும் திரையும் இருந்தன. நூறு விதமான சேர்க்கைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது.

"இதுல எது மாஸ்டர்?"

மாஸ்டர் படங்களைப் பார்த்தார். பிறகு குணாளனின் செருப்பைப் பார்த்தார்.

"உங்களுக்கு எது தோணுது?"

"பெருசுதான். இனி ஒரு இடத்துலயும் தப்பக் கூடாது. இன்னொரு தடவை தப்பினா நானே ஒதுங்கிக்கலாம்னு இருக்கேன். அவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கிறது அசிங்கம்."

மாஸ்டர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சமீபத்துல வாசிச்ச வீடியோ ஏதாவது இருக்கா?"

இருந்தது. லால்குடிக் கல்யாணத்தில் யாரோ எடுத்தது. மாஸ்டர் அதைக் காதொலிப்பானில் இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்த நிகழ்ச்சி எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. ஸ்ரீரங்கத்துல மதிய வரவேற்பு."

"நான் வர்றேன். அன்னைக்கு நான்தான் உங்க ஸ்விட்ச்சர்."

குணாளனுக்குப் புரியவில்லை.

"உங்க பலகை பக்கத்துல உக்காந்துக்கிறேன். மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பின்னால யாருக்கும் தெரியாது. நான் கையால அமுக்குறேன். நீங்க கிட்டாரை மட்டும் வாசிங்க."

"மாஸ்டர், நீங்க போயி என் காலடியில..."

"பெடல் அங்கதானே இருக்கு."

அன்று மாலையே குணாளன் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினார். பதினாறு பாட்டு. எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எதெல்லாம் மாற வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதினார். நாற்பத்து மூன்று மாற்றங்கள் வந்தன. மறுநாள் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மாஸ்டர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவு எனக்கு ஞாபகம் இருக்காது. நாலு பேர் சொல்லுங்க."

"எந்த நாலு பேர்?"

"நாலு சத்தத்துக்கு. பெடல் பேர் வேண்டாம். நீங்க மனசுல என்ன சொல்லி மிதிப்பீங்களோ, அதைச் சொல்லுங்க."

குணாளன் கூச்சப்பட்டார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒண்ணுக்கு வெறுஞ்சோறுன்னு பேரு. எந்தப் பெடலும் இல்லாம கிட்டார் மட்டும்."

"சரி."

"இன்னொண்ணு தூறல். பாடகி பாடுறப்ப பின்னால விழற மாதிரி."

மாஸ்டர் எழுதிக்கொண்டார்.

"கரகரன்னு வர்றது லாரி. தனியா வாசிக்கிறது..." நிறுத்தினார். "அதுக்குப் பேரு வைக்கல. அது வர்றப்ப என்ன நினைப்பேன்னா, இப்ப நான் பேசலாம்னு."

"அப்ப பேச்சுன்னு வச்சுக்குவோம்."

இரண்டு நாள் பட்டறையில் பழகினார்கள். நாற்பத்து மூன்று மாற்றங்களில் பாதிக்கு மேல் இல்லாமலே பாட்டு நன்றாக இருந்தது. சில இடத்தில் முன்னைவிட நன்றாக இருந்தது. குணாளன் அதை ஒப்புக்கொள்ள ஒரு பகல் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு மண்டபத்தில் மாஸ்டர் ஒரு பழைய போர்வையை விரித்து மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் காகிதம். இரண்டு கைகளும் பெடல்களின் மேல். குழுவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் நிஜாம் மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் குச்சிகளை எடுத்துக்கொண்டான். நிஜாம் ஆறு வருடமாகக் குழுவில் இருப்பவன்.

முதல் பாட்டு தொடங்கியது. பாடகி வைதேகி பல்லவியை முடித்தாள். தனி வாசிப்புக்கு முன்னால் டிரம்ஸ் உருண்டு வந்தது. குணாளன் வழக்கம்போலக் குனியப் போனார். குனிய வேலை இல்லை. மாஸ்டரின் கை அதற்குள் வேலையை முடித்திருந்தது. பேச்சு தயாராக இருந்தது.

அவர் நிமிர்ந்து, எண்ணிக்கை சரியாக விழுந்த இடத்தில் முதல் ஸ்வரத்தை எடுத்தார்.

டிரம்ஸ் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

நிஜாம் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான். குச்சி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு சட்டென்று உருட்டலை வெட்டிவிட்டுத் தாளத்துக்குள் வந்து சேர்ந்தான்.

பையன் இன்று ஏதோ நினைப்பில் இருக்கிறான் என்று குணாளன் எண்ணினார்.

நான்காவது பாட்டிலும் அப்படியே ஆயிற்று. குணாளன் உள்ளே வந்துவிட்டார். நிஜாம் ஒரு சுற்று அதிகமாக உருட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை குணாளன் மற்றவர்களையும் பார்த்தார். பேஸ் கிட்டார் வாசிப்பவரும் அதே சுற்றில் நின்றுகொண்டிருந்தார். வைதேகி மைக்கைப் பிடித்து "எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க" என்று சொல்ல வாயைத் திறந்து மூடினாள்.

இத்தனை மாதமாகப் பலகையைப் பார்த்தே வாசித்தவருக்கு இவர்கள் முகம் எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் டீ வந்தது. குணாளன் நிஜாமைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னப்பா, இன்னைக்கு இழுக்கிறே? ஒரு சுத்து கூட உருட்டுறியே."

நிஜாம் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு மட்டும் இல்லண்ணே."

"பின்ன?"

"நாலு மாசமா அப்படித்தாண்ணே. நீங்க காலைத் தூக்குறது எனக்கு இங்கிருந்து தெரியும். வைக்கிற வரைக்கும் உருட்டுவேன். வச்சதும் விட்டுடுவேன்."

குணாளன் டீயைக் கீழே வைத்தார்.

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்ணே. ஒரு நாள் ஒத்திகையில நீங்க மாத்திரை வாங்கப் போயிருந்தப்ப பேசி வச்சுக்கிட்டோம். கை தட்டச் சொல்றது வைதேகி அக்கா யோசனை."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னும் வேகமா மிதிக்கப் பார்ப்பீங்க. கால் என்னத்துக்கு ஆகும்?"

தப்பித்து வந்தது எப்படி என்று குணாளனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு வீட்டில் எத்தனை முறை வாக்கியம் அமைத்துப் பார்த்திருந்தார். அந்த நாட்களில் எல்லாம் இவர்கள் அவருக்காகப் பாட்டையே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நிஜாமின் தோளில் கையை வைத்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றார். நிஜாமே, "டீ ஆறுதுண்ணே" என்றான்.

மீதிப் பாட்டுகளை அவர் ஒருமுறைகூடக் குனியாமல் வாசித்தார். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே வைதேகி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கடைசிப் பாட்டில் பேச்சு வந்த இடத்தில் எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு வேறு ஒன்றை வாசித்தார். என்ன வாசித்தோம் என்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை. பேஸ் வாசிப்பவர் முடிந்ததும் வந்து அவர் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

மண்டபத்துக்கு வெளியே, ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே குணாளன் கேட்டார்.

"மாஸ்டர், உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"வீடியோவுல கேட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஸ்விட்ச்சரைப் பத்தித்தானே அண்ணே கேட்டீங்க."

மறுநாள் அவர்கள் மூன்று படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். இந்த முறை குணாளனே விரலை வைத்தார். நான்கு பொத்தான் உள்ளது. மாஸ்டர் சரி என்றார். ஒரு பொத்தானுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு செருப்பின் அகலம் வேண்டும், மெல்ல வைத்தாலே வேலை செய்ய வேண்டும் என்று இரண்டு விஷயத்தை மட்டும் பார்க்கச் சொன்னார்.

பொருள் வந்தது. ஒன்பது பெடல்களையும் அதில் கோத்து, நான்கு சேர்க்கைகளையும் பதிய வைத்தார்கள். பற்றவைப்பு முழுவதும் குணாளன் செய்தார். ஓர் இணைப்பு மட்டும் சரியில்லை என்று மாஸ்டர் பிரித்துக் கொடுத்தார். குணாளன் மறுபடி செய்தார். பொத்தான்களுக்கு மேலே வெள்ளை டேப் ஒட்டி, வெறுஞ்சோறு, தூறல், லாரி, பேச்சு என்று எழுதினார்.

எழுந்து நின்று காலைத் தூக்கி வைத்தார். ஒரே மிதி. ஒன்று அணைந்து மூன்று எரிந்தன. அடுத்ததை மிதித்தார். எல்லாம் அடங்கி வெறும் கிட்டார் நின்றது. கணுக்கால் ஒன்றும் சொல்லவில்லை.

பலமுறை மிதித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"ரொம்ப நன்றி மாஸ்டர்."

"நல்லா அமைஞ்சிருச்சு."

குணாளன் கிளம்பாமல் இருந்தார். மாஸ்டர் வேறு ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வேலையைத் தொடங்கினார்.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர்."

"கேளுங்க."

"இனி யாரும் எனக்காக நிக்க வேண்டியதில்ல. எண்ணிக்கைக்குச் சரியா வந்துடுவேன். நிஜாம்கிட்ட இனி உருட்ட வேண்டாம், போதும்னு சொல்லணும். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவன் மனசு நோகாம சொல்லணும்."

மாஸ்டர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அந்த உருட்டல் கேக்க எப்படி இருக்கு?"

குணாளன் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. முதல் பாட்டுல ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப நிஜாம்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"பின்ன என்ன செய்ய?"

"முதல் பாட்டுல மட்டும் கொஞ்சம் மெதுவா மிதிங்கண்ணே."