தலைவர் தின்ற கூரை

முள்ளம்பன்றி வேலாயி பிழைத்து எழுந்தது காட்டில் ஒன்றிரண்டு பேருக்கு ஏமாற்றம்தான். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவளை எல்லாரும் கைகழுவியிருந்தார்கள். அவளுடைய வளையை நரி தன் மச்சானுக்குப் பேசியே முடித்துவிட்டது. அவளோ ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, தின்னக் கிழங்கு இருக்கிறதா என்று கேட்டாள்.

அவளைப் பிழைக்க வைத்தவர் மரங்கொத்தி வைத்தியர். குளத்துக்கு அக்கரையில் அவருடைய ஆஸ்பத்திரி இருந்தது. நோயாளியின் நெஞ்சில் அலகால் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். கூலி கேட்கமாட்டார். அதனால் அவரிடம் போகாதவர்கள் யாரும் இல்லை. அவருக்கென்று ஒரு பழம் கொண்டுபோனவர்களும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியின் கூரையை ஆடிக்காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சருகுமான் குட்டி, வேலாயிக்கு வந்த அதே நெஞ்சுச்சளியோடு படுத்திருந்தது. ஒரு மழையில் நனைந்தாலும் அது தாங்காது. அந்த மூச்சுத்திணறல் எப்படியிருக்கும் என்று வேலாயிக்குத் தெரியும்.

"நான் ஓடப்போறேன்," என்று அவள் வைத்தியரிடம் சொன்னாள். "குளத்தங்கரையில ஓட்டப்பந்தயம். ஓட வர்றவங்க ஆளுக்கொரு கட்டுப் புல்லு கொண்டு வரணும். வேடிக்கை பார்க்க வர்றவங்களும்தான். அதை வெச்சுக் கூரை போட்டுடலாம்."

"உன்னை நடக்கத்தானே சொன்னேன்? ஓடச் சொன்னது யாரு?"

"நடந்தா எவன் வந்து பார்ப்பான், வைத்தியரே? செத்துப் பிழைச்சவ ஓடுறான்னாத்தான் கூட்டம் வரும்."

அவள் சொன்னது சரிதான். பந்தயத்துக்கு முதல் நாளே புல் வந்து குவிந்தது. கூடவே நரியும் வந்தது. ஊரில் நல்ல காரியம் எங்கே நடந்தாலும் அங்கே செயலாளர் ஆகிவிடுவது நரியின் வழக்கம். யாரும் அதை நியமிப்பதில்லை. அதுவும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

"காட்டெருமைத் தலைவர் கொடியசைக்க ஒத்துக்கிட்டார்," என்றது நரி. "அவரை வெயில்ல நிக்க வைக்க முடியுமா? ஒரு பந்தல் போடணும்."

"போடுங்க. மேலே வேய என்ன இருக்கு?"

நரி புல் குவியலைப் பார்த்தது.

"அது ஆஸ்பத்திரிக்கு வந்த புல்லாச்சேங்க," என்றாள் வேலாயி.

"யாரு இல்லேன்னாங்க? விழா முடிஞ்ச கையோட பிரிச்சுக் குடுத்துடுவோம். ஒரு பொழுதுதானே? ஒரு தலைவருக்கு நிழல் குடுத்த புல்லுன்னு ஆஸ்பத்திரிக்கும் பெருமை."

சண்டை போட்டால் பந்தயமே நின்றுவிடுமோ என்று பயந்து வேலாயி வாயை மூடிக்கொண்டாள். குரங்குகள் பந்தல் போட்டன. புல் மொத்தமும் மேலே ஏறிவிட்டது. மிச்சம் கிடந்த நாலு கத்தையையும் தலைவருக்கு மாலையாகக் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே ஓடுகிறவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். வரவேற்புரை முடிந்தது. தலைமையுரை முடிந்தது. மயில் ஓர் ஆட்டம் ஆடியது. எப்போது ஓட விடுவார்கள் என்று முயல் கேட்டதற்கு, இன்னும் வாழ்த்துரை இருக்கிறது என்று நரி அதட்டியது.

உச்சிவேளைக்குத்தான் தலைவர் எழுந்தார். ஓட்டத்தால் உடலுக்கு வரும் நன்மைகளைப் பற்றிப் பேசினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பேசப் பேச அவருக்குப் பசித்தது. கழுத்தில் கிடந்த மாலையை முதலில் தின்றார். பிறகு தலையைத் தூக்கி, பந்தலிலிருந்து ஒரு வாய் பிடுங்கி மென்றார். கூட்டம் கைதட்டியது. கைதட்டலில் மகிழ்ந்து இன்னொரு வாய் பிடுங்கினார்.

வேலாயி பந்தலை அண்ணாந்து பார்த்தாள். மேலே ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கறுத்த வானம் தெரிந்தது. அக்கரையில் இடி உருண்டது.

அவள் நரியிடம் ஓடினாள். "ஐயா, மழை வருது. பேச்சை நிறுத்தச் சொல்லுங்க. புல்லைப் பிரிக்கணும்."

"தலைவர் பேசறப்ப நிறுத்தச் சொல்றதா? நல்லா இருக்கே! நீ முதல்ல மேடைக்கு வா. பிழைச்சு வந்தவ நீதான்னு ஜனங்களுக்குக் காட்டணும். ரெண்டு இருமு இருமிட்டு, தலைவருக்கு நன்றி சொல்லிட்டு இறங்கு. கொஞ்சம் பலமா இருமினா இன்னும் நல்லது."

வேலாயிக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. மேடையில் ஏறினாள். இருமவில்லை. பந்தலின் பின்பக்கம் தாழ்ந்து தொங்கிய இடத்தில் ஒரு கட்டுப் புல்லை வாயால் கவ்வி இழுத்துக் கீழே போட்டாள்.

"ஓட்டம் தொடங்கியாச்சு!" என்று கத்தினாள். "எல்லை ஆஸ்பத்திரி வாசல். கட்டு இல்லாம வர்றவங்க தோத்தவங்க!"

கட்டை மறுபடி கவ்விக்கொண்டு குதித்து ஓடினாள்.

காலையிலிருந்து நின்று நின்று கால் மரத்துப் போயிருந்த கூட்டம் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. குரங்குகள் மேலேறிக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டன. முயல் ஒன்றைக் கவ்வியது, காட்டுப்பன்றி இரண்டைக் கவ்வியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஓடினார்கள். நரியின் மச்சானும் ஓடினான்.

முதலில் கிளம்பிய வேலாயியை ஒவ்வொருவராக முந்திப் போனார்கள். பாதி வழியில் அவளுக்கு மூச்சு முட்டியது. பழைய வலி நெஞ்சில் குத்தியது. உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தூறல் முதுகில் விழுந்ததும் கட்டை இறுகக் கவ்விக்கொண்டு எழுந்து தள்ளாடியே போய்ச் சேர்ந்தாள். எல்லாருக்கும் கடைசியாக வந்தவள் அவள்தான்.

அதற்குள் குரங்குகள் கூரையைப் பெரும்பாலும் வேய்ந்துவிட்டன. தலைவர் தின்ற அளவுக்கு மட்டும் ஒரு மூலை திறந்து கிடந்தது. சருகுமான் குட்டியை அந்த மூலையிலிருந்து நகர்த்தி, வேலாயியின் கட்டைப் பிரித்து அங்கே பரப்பினார்கள். முழுதாக மூடவில்லை. மழை கொட்டியபோது மூலையில் கொஞ்சம் ஒழுகியது. குட்டி நனையவில்லை. வைத்தியர் வேலாயியின் நெஞ்சில் தட்டிப் பார்த்துத் திட்டினார். திட்டிக்கொண்டே அவளைக் குட்டியின் பக்கத்திலேயே படுக்க வைத்தார்.

இக்கரையில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாய்க்குத் தலையைத் தூக்கினார். வாயில் மழைதான் விழுந்தது.

"யோவ் செயலாளர், கூரை எங்கேய்யா?"

தொப்பலாக நனைந்து நின்ற நரி பணிவாகச் சொன்னது: "நோயாளிகளைப் பார்க்கப் போயிருக்குங்க, தலைவரே."

நோயாளிக்கென்று சேர்த்ததை மேடைக்குச் செலவழிக்கிற இடத்தில், பேச்சு முடியட்டும் என்று பணிவாகக் காத்திருப்பவர்களும் அந்தக் குற்றத்தில் கூட்டாளிகளே.