மூடிய கையில் ஒரு பிடி முடி

"அப்போ இது மட்டும் ஏன்ப்பா இன்னும் மனுஷனா மாறல?"

உயிரியல் பூங்காவில், சிம்பன்சி இருக்கும் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் ஒரு சிறுமி தன் அப்பாவிடம் இப்படிக் கேட்டது காதில் விழுந்தது. எட்டு வயது இருக்கும். இலக்கியா என்று பெயர். அதற்குள் அவள் அம்மா அந்தப் பெயரை நான்கு முறை சொல்லிவிட்டார். தலையில் எண்ணெய் வைக்க விடுவதே இல்லை, முடியெல்லாம் செம்பட்டை ஆகிவிட்டது என்று புகார்.

"சோம்பேறி, அதான்," என்றார் அப்பா. "சுறுசுறுப்பா இருந்ததெல்லாம் மனுஷனாயிடுச்சு. நீயும் ஹோம்வொர்க் செய்யாம இரு, இது பக்கத்துல ஒரு எடம் போட்டுத் தருவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிறுமி சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் சிம்பன்சி விரல்களை மடக்கி, மூடிய கையைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

"கைக்குள்ள என்னப்பா வச்சிருக்கு?" என்றாள்.

அப்பா அதைக் காதில் வாங்காமல் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது.

காடு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாத அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் பேசிக்கொண்டிருந்தன. மனிதன் என்று ஒருவன் இன்னும் வரவில்லை. சிம்பன்சி என்று ஒன்றும் வரவில்லை. இரண்டு பேருக்கும் தாயாகப் போகிறவள் ஒரு பெரிய அத்தி மரத்தில் தன் இரண்டு மகள்களோடு இருந்தாள். மூத்தவள் நெடுங்கை. இளையவள் செம்பி. தாய்க்கும் மூத்தவளுக்கும் உடம்பெல்லாம் கரிய முடி. இளையவளின் முடி மட்டும் வெயில் பட்டால் செம்பு போல மின்னும்.

அவர்களுக்கு வால் கிடையாது. அடுத்த மரத்தில் வாலோடு திரிந்த குரங்குகள் அவர்களுக்குப் பெரியப்பா பிள்ளைகள் முறை. வாலை எந்தக் கிளையில் மறந்துவிட்டு வந்தீர்கள் என்று அவை தினமும் கேலி செய்யும். எங்களுடையதும் உங்களிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இத்தனை நீளம் என்று செம்பி திருப்பிச் சொல்வாள். காட்டிலேயே அவள் வாய்தான் பெரிய வாய். அவள் குரல் நான்கு மரம் தள்ளியும் கேட்கும்.

எல்லோரும் பேசியதில் ஒரு தொல்லையும் இருந்தது. சிறுத்தைக்கு எல்லாருடைய குரலும் வரும். பகலெல்லாம் புதருக்குள் படுத்து, மரத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யாருக்கு யாரோடு சண்டை என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் அதே குரலில் கூப்பிடும்.

ஒரு நண்பகலில் புதருக்குள்ளிருந்து செம்பியின் குரல் கேட்டது. காலில் முள் குத்திவிட்டது, வந்து எடுத்து விடு என்று அழுதது. தாய் இறங்கி ஓடினாள். செம்பி உச்சிக் கிளையில் பழம் தின்றுகொண்டிருந்தாள். கீழே தாய் ஓடுவதைப் பார்த்ததும், "அம்மா, நான் இங்க இருக்கேன்," என்று கத்தினாள்.

தாய்க்கு இரண்டு குரலும் கேட்டது. எது மகள் என்று தெரியாமல் நடுவில் நின்றாள். சிறுத்தைக்கு அந்த நேரம் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு அத்தி மரத்தில் இருந்தவர்கள் இரண்டு வழக்கங்கள் வைத்துக்கொண்டார்கள். முதலாவது, மரத்தைவிட்டு வெளியே போகிறவர் நடு முதுகிலிருந்து ஒரு பிடி முடியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் மரத்தடியில் நின்று முதுகைக் காட்ட வேண்டும். மேலே இருப்பவர் அந்த முடியை முதுகோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போனால்தான் கை கொடுத்து ஏற்றிக்கொள்வார். சிறுத்தை எந்தக் குரலைக் கொண்டுவந்தாலும் இந்த முடியைக் கொண்டுவர முடியாது. இரண்டாவது, பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

செம்பி இந்த இரண்டையும் எல்லோரையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. வால் குரங்குகள் கேலி செய்தால் பழத்தைத் தின்றுகொண்டு சும்மா இருந்தாள்.

சில வருடங்கள் கழித்து மழை நின்றுபோனது. காட்டின் ஓரத்தில் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய், அந்த இடத்தில் புல் வளர்ந்தது. ஆளுயரப் புல். ஒவ்வொரு வருடமும் புல் ஒரு மரம் அளவு கிட்டே வந்தது. அத்தியில் காய்ப்பு குறைந்தது. அக்காவுக்கு ஒரு பிள்ளை, தங்கைக்கு ஒரு பிள்ளை. இரண்டு பிள்ளைகளுக்குப் போதவில்லை. முதலில் அக்கா பிள்ளையின் விலா எலும்பு தெரிந்தது. அக்கா தன் பங்கைத் தங்கை பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது செம்பிக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் செம்பி தன் பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். புல்லுக்கு அந்தப் பக்கம் ஏதாவது இருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்று நெடுங்கை கிளம்பினாள். அவள் பிள்ளை தாயின் மார்பைப் பிடித்துத் தொங்கக்கூட வலுவில்லாமல் இருந்தது. செம்பி அதைப் பார்த்தாள்.

"நீ இங்கயே இரு அக்கா. தண்ணி இருக்கிற எடத்தைப் பார்த்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். இந்த மரத்தை விட்டுப் போயிடாத. நீ வேற எங்கயாவது போயிட்டா நான் எங்க வந்து தேடுவேன்?"

"போக மாட்டேன்," என்றாள் நெடுங்கை.

செம்பி திரும்பி உட்கார்ந்தாள். நெடுங்கை அவள் முதுகில் வெகுநேரம் பேன் பார்த்தாள். பேன் ஒன்றும் இல்லை. பிறகு நடு முதுகிலிருந்து ஒரு பிடி முடியைப் பிடுங்கினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னாள் செம்பி. நெடுங்கை அந்த முடியை மரப் பொந்தில் வைத்து, எறும்பு போகாமல் பிசினால் மூடினாள்.

புல்லுக்குள் போனதும் செம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்கு காலில் நடந்தால் முகத்துக்கு முன்னால் புல்தான். திரும்பி வரும் வழி மறந்துவிடக் கூடாதே என்று பின்னங்கால்களில் எழுந்து நின்று அத்தி மரத்தைப் பார்த்தாள். இறங்கி நான்கு அடி நடந்தாள். மறுபடி எழுந்து பார்த்தாள். கொஞ்ச நாளில் இறங்குவதையே விட்டுவிட்டாள். மரம் மறைந்த பிறகும் அது இருக்கும் திசையைப் பார்த்துப் பார்த்து நடந்தே பழகிவிட்டது. நிழல் என்பதே இல்லாத இடம். வியர்வையில் நனைந்து நனைந்து உடம்பு முடி கொட்டியது. உச்சந்தலையில் மட்டும் வெயிலுக்குக் குடை போல மிஞ்சியது. அது நீண்டு தோளுக்கு வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும், அக்காவைக் கூட்டிவர வேண்டும். அது மட்டும்தான்.

நெடுங்கை மரத்தை விட்டு நகரவில்லை. வால் குரங்குகள் மலைப்பக்கம் கிளம்பியபோது அவளையும் கூப்பிட்டன. தங்கை வந்து தேடுவாள் என்று சொல்லிவிட்டாள். ஒரு மழைக்காலம் தவறி, அடுத்தது தவறி, அதற்கடுத்தது கொஞ்சம் பெய்தது. அவள் பிள்ளை பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் கூடு கட்டும்போதெல்லாம் நெடுங்கை பக்கத்தில் இன்னொரு கூடும் கட்டி வைத்தாள். இது யாருக்கு என்று பிள்ளை கேட்கும். உன் சித்திக்கு என்பாள்.

ஒருநாள் காலையில் மரத்தடியில் குரல் கேட்டது.

"அக்கா, நான் வந்துட்டேன். எறங்கி வா."

நெடுங்கை கூட்டைவிட்டு எழுந்தாள். அதே குரல். பிசினை உடைத்து முடியை எடுத்துக்கொண்டு தாழ்ந்த கிளைக்கு வந்தாள். கீழே பார்த்தாள். அங்கே இரண்டு காலில் ஏதோ ஒன்று நின்றது. தலையிலிருந்து தோள்வரை புழுதி அப்பிய சடை. உடம்பு உரித்த கிழங்கு மாதிரி. கையில் ஓர் இலைப் பொட்டலம். அப்படி ஓர் உயிரை அவள் பார்த்ததே இல்லை.

"முதுகைக் காட்டு," என்றாள்.

அது திரும்பி உட்கார்ந்தது. முதுகில் ஒரு முடிகூட இல்லை. நெடுங்கை கையில் இருந்த செம்பு நிற முடியைப் பார்த்தாள். அந்த வெறும் முதுகைப் பார்த்தாள்.

கீழே இருந்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெயிலில் முடி கொட்டியதைச் சொன்னாள். எங்கெங்கோ அலைந்து கடைசியில் பார்த்தால், நேர் வழியில் மூன்று நாள் நடையில்தான் ஒரு ஆறு இருக்கிறது, அதன் கரை முழுக்க அத்தி என்று சொன்னாள். சின்ன வயதில் நீ என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நீயே குதித்துத் தூக்கினாயே என்றாள். பிள்ளையை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் கிளம்பு என்றாள்.

ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் நெடுங்கைக்குப் பயமாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்ட குரலும் இப்படித்தான் சரியாக இருந்தது. மரத்தடியில் கிடந்து எல்லாம் கேட்ட ஒன்றுக்கு இது தெரியாமல் இருக்குமா? மேலே கூட்டுக்குள் அவள் பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி போகும்போது என்னை இங்கயே இருக்கச் சொன்னா. நான் அவளுக்காகத்தான் இருக்கேன்," என்றாள் நெடுங்கை. "நீ என் தங்கச்சி இல்ல."

கீழே இருந்தவள் மரத்தில் சாய்ந்து, பட்டையில் பின்னந்தலையை அழுத்தி, வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு இலைப் பொட்டலத்தை வேருக்கு நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகு நெடுங்கை இறங்கினாள். பொட்டலத்தில் அத்திப் பழங்கள் இருந்தன. நசுங்காத பழமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தது. அவள் நிமிர்ந்தபோது மரப்பட்டையில் சில முடிகள் சிக்கிக் காற்றில் ஆடுவதைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். புழுதியைத் துடைத்தாள். கையில் இருந்த பிடி முடியோடு சேர்த்து வெயிலில் பிடித்தாள்.

இரண்டும் செம்பு போல மின்னின.

எல்லா முடியையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தரையில் ஓடிப் பழக்கமில்லை. கையை விரித்து ஊன்றினால் முடி விழுந்துவிடும். மூடிய கையையே ஊன்றி, விரல் முட்டி தேய, காட்டின் ஓரம் வரை ஓடினாள். புல்லுக்கு மேலே தூரத்தில் ஒரு தலை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"செம்பி," என்று கூப்பிட்டாள். "செம்பி, நான்தான்."

அந்தத் தலை நின்றது.

நெடுங்கை மறுபடி கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா கூப்பிடுகிறேன், திரும்பிப் பார் என்று கத்தினாள். செம்பிக்கு அது கேட்டது. அக்காவின் குரல்தான். ஆனால் அக்கா சற்றுமுன்தான் மரத்தின் மேலே உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். பின்னாலிருந்து கூப்பிடும் குரலை நம்பி ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தாயிற்று. ஆற்றங்கரையில் பிள்ளை தனியாக இருந்தது.

அவள் திரும்பவில்லை. நடந்தாள்.

நெடுங்கை, குரல் உடைந்து, சொல் போய், வெறும் ஓலமாகும்வரை கூப்பிட்டாள். தலை மறைந்த பிறகு மூடிய கையை ஊன்றி மெதுவாக மரத்துக்குத் திரும்பினாள். சித்தி எங்கே என்று பிள்ளை கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கையைத் திறந்து முடியைக் காட்டினாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

அன்று முதல்தான் நெடுங்கையின் பிள்ளைகள் பேசுவதில்லை. விரல்களை மடக்கி, மூடிய கையை ஊன்றி நடக்கின்றன. சாயங்காலமானால் கூடு கட்டுகின்றன. ஒன்று இன்னொன்றின் முடியை மணிக்கணக்காக விலக்கி விலக்கிப் பார்க்கிறது. அன்று முதல்தான் செம்பியின் பிள்ளைகளுக்குத் தலையில் மட்டும் முடி நீண்டு வளர்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், அவர்களுக்கு இன்றும் மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

சிறுத்தையைப் பார்க்கப் போகலாம் வா என்று அப்பா கூப்பிட்டார். அவரும் அம்மாவும் அதற்குள் பத்தடி போயிருந்தார்கள். சிம்பன்சி கண்ணாடியின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்து, சிறுமியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. மடக்கிய விரல்களைக் கண்ணாடியில் வைத்தது.

இலக்கியா சடையில் இருந்த ரிப்பனை உருவினாள். முடியைக் கையால் உதறிவிட்டு, திரும்பி உட்கார்ந்து, பின்னந்தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.