அரசர் வாள் ஏந்திய கைதி

முன்னொரு காலத்திலே செண்பக நாட்டை அரிகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம், அதற்கும் மேலே சோம்பல். தன் கல்யாணத்துக்கே அவன் போகவில்லை என்றால் பாருங்களேன்! பெண்ணின் ஊர் தொலைவு, வெயில் வேறு என்று தன் உடைவாளைப் பல்லக்கில் வைத்து அனுப்பிவிட்டான். அரசர் வாள் வந்தால் அரசரே வந்ததாகக் கொள்வது அந்த நாட்டு வழக்கம். நங்கை என்ற அந்த இளவரசியும் வாளுக்கு மாலையிட்டு, வாளோடு அக்கினியை வலம் வந்து, ராணியாக வந்து சேர்ந்தாள்.

ஒருமுறை மேல்மலை நாட்டோடு போர் மூண்டது. களத்தில் ராஜாவின் குதிரை இடறியது. ராஜா ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம் விழுந்தார்கள். புழுதி கண்ணை மறைக்க, நினைவு தப்பிவிட்டது. விழித்தபோது பாசறையில் கிடந்தான்; பக்கத்தில் சேனாபதி மழவராயன் நின்றுகொண்டிருந்தான்.

"எதிரிகள் தங்களைச் சூழ்ந்துகொண்டார்கள், அரசே. நான் ஒருத்தனாக நின்று அத்தனை பேரையும் விரட்டினேன்" என்றான்.

ராஜா கண் கலங்கித் தன் முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டான்.

போர் ஓய்ந்து கைதிகளைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் சாத்தன் என்ற குதிரைவீரன், வலத்தோளில் ஈட்டிக் காயத்தோடு நின்றான். அரசரைக் காத்ததற்குக் கிடைத்த பரிசு என்று காவலர்கள் பேசிக்கொண்ட அந்த மாலையைப் பார்த்தான், மழவராயனைப் பார்த்தான், பொறுக்க முடியவில்லை.

"மன்னா, தாங்கள் விழுந்தபோது எதிரே வாளோடு நின்றவன் நான். இந்தச் சேனாபதி அப்போதே குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டார். வாள் இல்லாமல் கிடப்பவரை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. எழுந்திருப்பீர்கள் என்று காத்து நின்றேன். அதற்குள் தங்கள் ஆட்கள் பின்னாலிருந்து ஈட்டி எறிந்து என்னைப் பிடித்துவிட்டார்கள்."

"பொய்!" என்று கத்தினான் மழவராயன்.

ராஜாவுக்கும் முகம் சிவந்துவிட்டது. சேனாபதி ஓடினான் என்பதைவிட, 'ஓர் எதிரி என்மீது இரக்கப்பட்டானா?' என்பதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "வாள் வழக்கு நடக்கட்டும்! இரண்டு பேரும் மோதுங்கள். தோற்றவன் சொன்னது பொய். அவன் தலை எனக்கு!" என்று உத்தரவிட்டான்.

அமைச்சர் கூத்தர் எழுந்தார். "அரசே, இவனுக்கு வலக்கை தூக்க முடியவில்லை."

"இடக்கை இருக்கிறதே!"

கூத்தர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியே ஆகட்டும். ஆனால் இருவர் கையிலும் சமமான வாள் இருக்கவேண்டும். சேனாபதியாரின் வாளுக்குச் சமமானது இந்த நாட்டில் ஒன்றுதான் உண்டு. அதைக் கேட்கத்தான் தயக்கம்."

"எது?"

"தங்கள் வாள்."

"சமமா? என் வாள் அதைவிட உசத்தி ஐயா! கொடுங்கள் அவனிடம், எல்லோரும் பார்க்கட்டும்."

சாத்தன் இடக்கையால் வாளை வாங்கினான். மழவராயன் தன் வாளை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான்.

"நில்லும், சேனாபதியாரே!" என்றார் கூத்தர். "அரசர் மீதா வாளை ஓங்குகிறீர்?"

மழவராயன் திகைத்தான். "என்ன விளையாட்டு இது? அது வெறும் இரும்பு!"

ராஜாவின் பக்கத்தில் அமர்ந்திருந்த ராணி நங்கை எழுந்தாள். "வெறும் இரும்பா? அப்படியென்றால் எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அமைச்சரே, பல்லக்கைக் கூப்பிடுங்கள். நான் அப்பா வீட்டுக்குப் போகிறேன்."

சபையில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ராஜா அவசரமாக, "வாள் என்றால் நான்தான், தேவி! அதன்மேல் எவனும் கை ஓங்கக்கூடாது" என்றான்.

மழவராயனின் கை தாழ்ந்தது. சாத்தன் முன்னே வர வர, இவன் பின்னே போனான். போகிற போக்கில் கால் தடுக்கி மல்லாந்து விழுந்தான். வாள் கைநழுவிப் போயிற்று. "ஐயோ, வெட்டாதே!" என்று முகத்தை மூடிக்கொண்டான்.

சாத்தன் அவனைக் குனிந்து பார்த்தான். பிறகு விலகி, வாள் முனையைத் தரையில் ஊன்றி நின்றான்.

"எழுந்து உம் வாளை எடுத்துக்கொள்ளும். காத்திருக்கிறேன்."

புழுதியில் தன் கண் காணாததை ராஜா இப்போது கண்ணெதிரே பார்த்தான். மழவராயன் எழுந்து, தலை நிமிராமலே முத்துமாலையைக் கழற்றப் போனான்.

"கழற்றாதே. தினமும் சபைக்கு அதைப் போட்டுக்கொண்டே வா. அதுதான் உனக்குத் தண்டனை" என்றான் ராஜா. பிறகு அமைச்சரிடம் திரும்பினான். "இவன் வெட்டியிருந்தால்?"

"அவன் சொன்னது பொய்யென்று தெரிந்திருக்கும், அரசே. ஆனால் சேனாபதியின் உயிரைப் பணயம் வைத்துவிட்டேன். அதற்கு என்னைத் தண்டியுங்கள்."

ராஜா தண்டிக்கவில்லை, தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கூத்தருக்குக் கொடுத்தான். சாத்தனின் காயத்துக்கு மருந்திட்டு, நல்ல குதிரை ஒன்றும் தந்து ஊருக்கு அனுப்பினான். சபை கலைந்த பிறகும் கூத்தரை மட்டும் போகவிடவில்லை.

"ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லும். அன்று களத்தில் சாத்தன் விழுந்து நான் வாளோடு நின்றிருந்தால், விலகி நின்றிருப்பேனா?"

எதைக் கேட்டாலும் அடுத்த மூச்சில் பதில் சொல்கிற கூத்தர், தரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

ராஜாவுக்குக் கோபம் வரவில்லை. வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காவலனைக் கூப்பிட்டு, சிறையிலிருக்கும் மற்ற மேல்மலைக்காரர்களையும் விடுதலை செய்யச் சொன்னான்.