கூழ் குடித்து எடை ஏறிய தணிகாசலனார்

வடசென்னையில் சரக்கு ரயில் போகும் பாலம் ஒன்றின் அடியில் எல்லையம்மன் கோயில் கொண்டிருந்தாள். கரி எஞ்சின்கள் ஓடிய காலம் அது. ஒவ்வொரு வண்டி போகும்போதும் பாலத்தின் இடுக்கு வழியே கரித்தூள் கொட்டும். வாசல் கல்லிலும் கொட்டும், அம்மன் நெற்றியிலும் கொட்டும். அந்த வாசலைக் கூட்டிக் கழுவும் வேலையை யாரும் சொல்லாமலே தன்மேல் போட்டுக்கொண்டவர் தணிகாசலனார். விடிகிற நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வாசலைக் கழுவுவார். இரண்டு குடத்தைப் பூசாரி கன்னியப்பரிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொள்வார். பூசாரி ஈரத்துணியால் அம்மன் முகத்துக் கரியைத் துடைத்து முடித்ததும், "மூஞ்சி கழுவிட்டியாம்மா? நான் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போவார். அவருக்கு வேறு மந்திரம் தெரியாது.

தன்னைப்போல் இரண்டு ஆள் எடையுள்ள மூட்டையை முதுகில் வாங்கி, பலகை மேல் நடந்து, கிடங்கில் இறக்க வேண்டும். ஐம்பத்தொரு கிலோ ஆளான அவர் மூட்டைக்கு அடியில் போனால் மூட்டைதான் நடந்துபோவது போல இருக்கும். "தணிகா, காத்து அடிக்குது, மூட்டய கெட்டியா புடிச்சிக்கோ. வுட்டா பறந்துடுவ" என்பார் கூட்டாளி எத்திராஜ். தணிகாசலனாரும் சேர்ந்து சிரிப்பார்.

சுமைக்காரர் சங்கத்துக்குக் கல்நார்க் கூரை போட்ட ஒரு குத்துச்சண்டைக் கொட்டகை இருந்தது. அங்கே கற்றுக்கொடுத்த ஏகாம்பரம் வாத்தியார், பலகையில் மூட்டையோடு நடக்கும் இவர் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார். "கை யாருக்கும் வரும். இந்தக் காலு வராது" என்றார். மிகச் சிறிய எடைப்பிரிவான ஐம்பத்தொன்றில் தணிகாசலனார் இறங்கினார். எடை குறைக்க அவர் பாடுபட வேண்டியிருக்கவில்லை; வீட்டு அடுப்பே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் அந்தப் பிரிவில் மாநிலத்திலேயே அவருக்கு எதிர் இல்லை. பிறகு ஐம்பத்து நான்கு, அதன்பின் ஐம்பத்தேழு. கோப்பை வாங்கிய ஒவ்வொரு முறையும் அதை அம்மன் வாசலில் வைத்து, மறுநாள் காலை அதிலேயே தண்ணீர் மொண்டு வாசல் கழுவினார்.

இடையில் அவருடைய முதல் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. இரண்டு வயது. மூன்றாம் நாள் காலையில் அவர் துடைப்பத்தோடு கோயில் வாசலில் நின்றதைப் பார்த்து எத்திராஜுக்கே பொறுக்கவில்லை. "இன்னும் இங்க இன்னாடா கூட்டிக்கினு கீற? இவ உனக்கு இன்னா பண்ணா?" என்று கத்தினார். தணிகாசலனார் துடைப்பத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "அவ மேலயும்தான் தெனம் கரி கொட்டுது. பேசாமதான் கீறா."

மூன்று வருடம் கழித்து அவர் மனைவி பச்சையம்மாள் மறுபடி கர்ப்பமானார். அதே வருடம் ஒரு நல்ல செய்தியும் வந்தது. மாநிலப் போட்டியில் எந்தப் பிரிவில் ஜெயித்தாலும் ரயில்வேயில் நிரந்தர வேலை. மாதச் சம்பளம், ஆஸ்பத்திரி வசதி. போட்டி ஆடி மூன்றாம் ஞாயிறு மாலை; எடை பார்ப்பது அன்று பதினோரு மணிக்கு.

"ஐம்பத்தேழுல உன்ன அடிக்க ஆள் இல்ல" என்றார் வாத்தியார். "ஆனா உன் ஒடம்பு இப்ப ஐம்பத்தொன்பது கீது. ஒரு வாரம் வாயக் கட்டு. அறுபதுக்குப் போனின்னா டாமினிக் கீறான். மூணு வருஷமா தோக்காத ஆளு. அவன் பேரக் கேட்டே அந்தப் பிரிவுல ஒருத்தனும் பேர் குடுக்கல."

தணிகாசலனார் வாயைக் கட்டினார். பகலெல்லாம் மூட்டை, மாலையில் கோணிச் சாக்கைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு ஓட்டம். கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் விட்டார். உதடு வெடித்தது. பச்சையம்மாள் சோற்றுத் தட்டை மறைத்துவைத்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. "இன்னாயா இது, கண்ணு உள்ள போய்டுச்சு. ஜெயிக்கப் போறியா, சாகப் போறியா?" என்று கேட்டார். "பொறக்கப் போறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி வேணும்மே" என்றார் இவர்.

ஞாயிறு காலை கிடங்குத் தராசில் ஏறிப் பார்த்தார். ஐம்பத்தேழுக்கு நூறு கிராம் குறைவு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார். ஏனென்றால் ஆடி மூன்றாம் ஞாயிறு பாலத்தடியில் கூழ் ஊற்றும் நாள். பத்து வருடமாகக் கூழ் ஊற்றுகிற கை அவருடையது.

அந்தக் கோயிலில் இதற்கு ஒரு முறை உண்டு. வரிசையில் வந்த ஒருவர்கூடக் கூழ் வாங்காமல் திரும்பக் கூடாது. திரும்பினால் அண்டாவைக் கவிழ்த்து விழாவை முடிக்க முடியாது. அந்த வருடத்துக் கூழ் அம்மனைச் சேரவில்லை என்று அர்த்தம். அதேபோல, ஆடிக் கூழை நீட்டிய கையிடம் வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் எத்திராஜிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார், தனக்கு யாரும் செம்பு நீட்டாமல் பார்த்துக்கொள்ளும்படி.

கேழ்வரகும் நொய்யும் சேர்ந்து கொதித்த மணமும், வெங்காயமும், மோரும். ஒரு வாரப் பட்டினிக்காரர் அந்த அண்டா முன் நின்று முந்நூறு பேருக்கு ஊற்றினார். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை.

பத்து மணி இருக்கும். வரிசை முடிந்தது என்று அவர் கரண்டியை வைத்தபோது ஓர் அம்மாள் வந்து நின்றார். மஞ்சள் பூசிய முகம், ஈரத்தலை, நெற்றியில் கொஞ்சம் கரித்தூள். தெருவில் பார்த்த முகமாகவும் இருந்தது, பார்க்காத முகமாகவும் இருந்தது. தணிகாசலனார் செம்பு நிறைய ஊற்றி நீட்டினார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார்; குடிக்கவில்லை.

"நீ குடிச்சியாப்பா?"

அந்த வாசலில் நின்று பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "இல்லம்மா. அப்புறமா குடிப்பேன்."

"எத்தினி நாளா குடிக்கல?"

அவர் குனிந்து அண்டாவின் விளிம்பைத் துடைத்தார்.

"பசிச்ச கையால ஊத்துனா எனக்கு எறங்காது. நீ குடி. இல்லாங்காட்டி நான் இப்பிடியே திரும்பிப் போறேன்" என்று செம்பை அவர் பக்கம் நீட்டினார்.

எத்திராஜ் ஓடிவந்தார். "யம்மா, அவன வுட்டுடு. அவனுக்கு எட பாக்கணும்."

"நானும் அவன் எடயத்தான் பாக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

தணிகாசலனார் செம்பைப் பார்த்தார். அதற்குள் ரயில்வே வேலை இருந்தது, பச்சையம்மாளின் வயிறு இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்தது. மறுத்தால் தெரு முழுவதுக்குமான கூழ் அம்மனைச் சேராமல் போகும். கண்ணை மூடிக்கொண்டு, "உனக்குத் தெரியாதது எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். செம்பு காலியானதும் அந்த அம்மாள் தன் கையாலேயே அண்டாவில் மொண்டு இன்னொரு செம்பு கொடுத்தார். அதையும் குடித்தார். வயிற்றில் அது இறங்கிய இடமெல்லாம் அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாளைக் காணவில்லை.

எடை பார்க்கும் இடத்தில் முள் ஐம்பத்தேழைத் தாண்டி எண்ணூறு கிராமில் நின்றது.

வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "அரை மணி நேரம் டயம் கீது. பின்னால போ. வாயில வெரல வுடு. எல்லாம் வெளிய வந்துரும், எட கரெக்டா நிக்கும்."

"வேற எதுனா சொல்லு வாத்தியாரே, செய்றேன். ஓடச் சொல்லு, ஓடறேன். அவ குடுத்தத துப்ப மாட்டேன்."

"வேல போச்சுடா!"

"போவட்டும்."

ஓடினார். வறண்ட உடம்பில் வேர்வை வரவில்லை. அரை மணி கழித்தும் முள் இறங்கவில்லை. அதிகாரி ஐம்பத்தேழில் இருந்த பெயரை அடித்துவிட்டு, அறுபதில் டாமினிக்கின் பெயருக்கு எதிரே எழுதினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கூழ்காரன் வந்துட்டான், ஒரு சட்டி எடுத்தாங்கடா" என்றார் ஒருவர். இன்னொருவர், "அம்மன வந்து குத்தச் சொல்லு" என்றார். தணிகாசலனார் ஒரு மூலையில் உட்கார்ந்து தூங்கிப்போனார். ஒரு வாரத்தில் அவர் தூங்கிய முதல் தூக்கம் அது.

மாலையில் முதல் சுற்று. டாமினிக்கின் கை நீளம். இரண்டாவது நிமிடத்தில் ஒரு குத்து தாடையில் இறங்க, தணிகாசலனார் கீழே விழுந்தார். நடுவர் எட்டு எண்ணுவதற்குள் எழுந்தார். இரண்டாம் சுற்றில் அடி வாங்கிக்கொண்டே நின்றார். இடைவேளையில் வாத்தியார் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எடுத்து வீசிவிடலாமா என்று யோசித்தார். அப்போதுதான் தணிகாசலனார் ஆச்சரியத்தோடு சொன்னார்: "வாத்தியாரே, என் காலு நடுங்கல."

வழக்கமாக மூன்றாம் சுற்றில் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் பஞ்சாகும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எல்லாக் கோப்பையையும் வாங்கியிருந்தார். குத்துச்சண்டை என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தார். பசியில்லாமல் சண்டை போட்டால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மூட்டையோடு பலகை மேல் நடக்கும் அந்தக் கால்கள் மூன்றாம் சுற்றில் டாமினிக்கைச் சுற்றிச் சுற்றி வந்தன. விலாவில் இரண்டு, முகத்தில் ஒன்று, மறுபடி விலாவில். டாமினிக்கின் வாய் திறந்துகொண்டது. கடைசி அரை நிமிடத்தில் விழுந்த வலக்கைக் குத்தில் அவர் கயிற்றில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். பத்து எண்ணியும் எழவில்லை.

பிறகு டாமினிக் தானாக வந்து கட்டிப்பிடித்தார். "நானும் அறுபதுக்கு எறங்க நாலு நாள் காஞ்சு கெடந்தேன்யா. மூணாவது ரவுண்டுல ஒண்ணுமே இல்ல என்கிட்ட. நீ இன்னா துன்ன?"

"கூழு."

"அடப்பாவி!" என்று ரத்த வாயோடு சிரித்தார் டாமினிக்.

கோப்பையோடு பாலத்தடிக்கு வந்தபோது தெருவே கூடியிருந்தது. பூசாரி கன்னியப்பர், காலையில் கூழ் ஊற்றுமுன்பே அபிஷேகம் முடித்து, அலங்காரம் செய்து கருவறையைப் பூட்டியவர், அப்போதுதான் கதவைத் திறந்தார். விளக்கை உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். "தணிகாசலம், இங்க வாய்யா" என்று கூப்பிட்டார். அம்மனின் வலக்கை விரல்களில் கேழ்வரகுக் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. நெற்றியில் கொஞ்சம் கரித்தூள்.

காலையில் படைத்தபோது பட்டிருக்கும் என்றவர்களும் உண்டு. படையல் கருவறைக்கு வெளியே வைத்தது என்று பூசாரி சொன்னார். அன்றைக்கு எத்திராஜ்தான் முதலில் தரையில் விழுந்து கும்பிட்டவர். தணிகாசலனார் விழவில்லை. வாசலில் வழக்கமான இடத்தில் நின்று, "நான் வாயக் கட்டறத உன்னால பாக்க முடியலயாம்மா?" என்று கேட்டு, குழந்தைபோல அழுதார்.

ரயில்வே வேலை கிடைத்தது. பிள்ளை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தாள். எல்லம்மாள் என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பிரிவில் வேலை வேண்டும் என்று கேட்டபோது, மற்ற விளையாட்டுக்காரர்கள் நாற்காலி வேலை கேட்க, இவர் பாலம் பழுது பார்க்கும் கூட்டத்தில் போடச் சொன்னார். பொறியாளரிடம் நடையாய் நடந்து பழைய இரும்புத் தகடுகளைக் கேட்டு வாங்கி, கோயிலுக்கு நேர் மேலே பாலத்தின் இடுக்கை அடைத்தார். அன்றிலிருந்து அம்மன் முகத்தில் கரி விழவில்லை.

அதன்பின் அவர் எடைக்காக ஒருநாளும் வாயைக் கட்டவில்லை. கூழைக் குடித்துவிட்டுத் தராசில் ஏறுவார். அது காட்டுகிற பிரிவே அம்மா குறித்த பிரிவு. அறுபதில் இரண்டு வருடம், அறுபத்து மூன்றரையில் மூன்று வருடம், அறுபத்தேழில் ஒரு வருடம் கோப்பை வாங்கினார். அறுபத்தேழில் ஒருமுறை தோற்றும் போனார். அன்றைக்கும் வாசல் கழுவினார். டாமினிக் ஆடிதோறும் வந்து வரிசையில் நின்று இரண்டு செம்பு குடித்துவிட்டுப் போனார்.

ஒவ்வோர் ஆடியிலும் தணிகாசலனார் கூழ் ஊற்றுமுன் தான் ஒரு செம்பு குடித்துக்கொள்வார். வரிசை முடிந்த பிறகும் கரண்டியை வைக்காமல், நெற்றியில் கரி படிந்த அந்த முகம் வருகிறதா என்று நெடுநேரம் பார்த்து நிற்பார். பல வருடம் இப்படி நின்றவரிடம் ஒருநாள் பச்சையம்மாள்தான் கேட்டார்: "தகடு அடிச்சு மூடிட்டு, கரி பட்ட நெத்தியத் தேடினா எப்பிடியா கெடைக்கும்? வந்திருப்பா. மூஞ்சி கழுவிக்கினு வந்திருப்பா."

தணிகாசலனார் சிரித்தார். கரண்டியைக் கையில் எடுத்தபடி, அதுவரை தான் கூழ் ஊற்றியவர்களின் முகங்களையெல்லாம் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பெற்றதைத் துப்பாத வாயும், பசித்தவர் முன் ஓயாத கையும் உடைய தணிகாசலனார் வாழ்க. பிள்ளையின் எடையைத் தராசில் பாராமல் வயிற்றில் பார்த்த பாலத்தடித் தாய்க்கு நம் நன்றி.