வாசலில் படுத்த எருமை

மலையடிவாரத்து மடத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. நிலம் மடத்துடையது. பாத்திகள் ஊராருடையவை, வீட்டுக்கு ஒன்று. விளைவதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு அமாவாசைதோறும் கூடிப் பொதுவேலை செய்ய வேண்டும்.

அமாவாசையன்று அந்தப் பக்கத்தில் யாரும் ஏர் பூட்டுவதில்லை. சொந்த மண்ணைக் கொத்தக் கூடாது என்பதுதான் விலக்கு, பொது மண்ணைக் கொத்தலாம் என்று மடத்தின் பழைய தலைவர் ஒருவர் விளக்கம் சொல்லியிருந்தார். அது எந்த நூலில் இருக்கிறது என்று அவரை யாரும் கேட்கவில்லை. வாய்க்கால் அன்றுதான் தூர் வாரப்பட்டது.

இப்போது மடத்துக்குத் தலைவி அம்மை. தோட்டத்தின் பொறுப்பு அவருடைய சீடன் செங்கோடனிடம் இருந்தது.

ஒரு நாள் அவன் கேட்டான்: “அம்மா, வேலை செய்யாதவருக்குப் பாத்தி உண்டா?”

“யார் வேலை செய்யவில்லை?”

“பழனாத்தாள். அமாவாசைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறாள். தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, உச்சிப்பொழுதுவரை பேசுகிறாள். மண்வெட்டியை ஒரு தரம்கூடத் தொட்டதில்லை.”

“என்ன பேசுகிறாள்?”

“நான் கேட்பதில்லை. எனக்கு வேலை இருக்கிறது.”

அம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“அவள் பாத்தியை எடுத்துவிடலாமா?”

“உனக்குச் சரியென்று பட்டால் எடு.”

அன்று மாலையே செங்கோடன் பழனாத்தாளின் அவரைப் பந்தலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான்.

“நானா வேல செய்யறதில்லீங்க?” என்றாள் அவள். “வாய் வலிச்சு ராத்திரிக்குச் சோறு எறங்கறதில்லீங்க, சாமி.”

“வாயால் தூர் வார முடியாது, அம்மணி.”

“அதுஞ் செரிதான்.”

அவள் சண்டை போடவில்லை. பந்தலில் முற்றியிருந்த அவரைக்காயை எல்லாம் பறித்தாள். அக்கம்பக்கத்துப் பாத்திக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். கடைசியாக ஒரு கை நிறைய அள்ளிச் செங்கோடனிடம் நீட்டினாள்.

“வேண்டாம்.”

நீட்டியதை மடியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த அமாவாசைக்கு எல்லோரும் வந்தார்கள். தொட்டிச் சுவரைப் பார்த்தார்கள். பேசாமல் வேலை செய்தார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தது. செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கடுத்த அமாவாசைக்குப் பாதிப் பேர் வந்தார்கள்.

அதற்கும் அடுத்ததற்குப் பாத்திக்காரன் மாரப்பன் ஒருவன்தான் வந்தான். அவனும் மறந்துவிட்டுப் போன கூடையை எடுத்துப்போக வந்தவன்.

வாய்க்காலில் கோரை மண்டியிருந்தது. தண்ணீர் நடுத்தோட்டத்தைத் தாண்டவில்லை. கடைக்கோடிப் பாத்திகளில் கத்தரிச் செடிகள் தலை சாய்ந்து நின்றன. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் தோட்டம் தரிசாகிவிடும்.

“ஏன் யாரும் வருவதில்லை, மாரப்பா?”

“வூட்டுல வேல கெடக்குதுங்க.”

“இத்தனை நாள் கிடக்கவில்லையா?”

“கெடந்துச்சுங்க. ஆனா அந்த எருமை என்ன ஆச்சுன்னு தெரியோணுமில்லீங்களா?”

“எந்த எருமை?”

மாரப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தான்.

“பழனாத்தாக்காவோட கொழுந்தன் எருமைங்க. அக்கா கதைய நல்ல எடமாப் பாத்து நிறுத்திப்போடுவாங்க. மிச்சம் கேக்கோணும்னா அடுத்த அமாவாசைக்கு வரோணும். வந்துட்டுச் சும்மா நிக்க முடியுங்களா? மண்வெட்டியப் புடிப்போம். இப்பப் பாதியில நிக்குது. வூட்டுக்கே போய்க் கேட்டுப் பாத்தோம். தோட்டத்துக் கத தோட்டத்துலதான்னு சொல்லிப்போட்டாங்க.”

செங்கோடன் பழனாத்தாள் வீட்டுக்குப் போனான்.

“பாத்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அம்மணி. அமாவாசைக்கு வாருங்கள்.”

“வர்றனுங்க. எருமைய எங்க உட்டேன், சொல்லுங்க?”

“நான் கேட்டதில்லையே, அம்மணி.”

“ஒவ்வொரு தடவையும் அதக் கேட்டுத்தான ஆரம்பிப்பேன்? பக்கத்துல நின்னுதான மண்ணு கொத்துனீங்க, சாமி? ஒத்தக் காதுகூடவா இந்தப் பக்கம் இல்ல?”

அவன் மடத்துக்குத் திரும்பினான்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“கேள்.”

ஆணவம், கன்மம், மாயை மூன்றைப் பற்றியும் அவரிடம் தயங்காமல் கேட்டவன் அவன். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“எருமையை... எங்கே விட்டாள்?”

“பெண் வீட்டு வாசலில்,” என்றார் அம்மை உடனே. “கொழுந்தன் பெண் பார்க்கப் போனான். எருமையும் பின்னாலேயே போய் வாசலை அடைத்துப் படுத்துவிட்டது. பெண் உள்ளே, மாப்பிள்ளை வெளியே. எழுப்பினால் எழ மாட்டேன் என்கிறது.”

“உங்களுக்கு எப்படி...”

“சமையலறைச் சன்னல் தொட்டிப் பக்கம்தானே? அது எழுந்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்கும் வேலை ஓடவில்லை.”

“அன்றே என்னைத் தடுத்திருக்கலாமே, அம்மா.”

“தடுத்திருந்தால் அவள் பாத்தியை விட்டுவைத்திருப்பாய். எருமையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாய்.”

செங்கோடன் மறுபடியும் போய், பெண் உள்ளே, மாப்பிள்ளை வெளியே, எருமை வாசலில் என்று ஒப்பித்தான்.

“உங்க காதால கேட்டதுங்களா, யாரையாவது கேட்டுட்டு வந்ததுங்களா?”

“கேட்டுவிட்டு வந்தது.”

பழனாத்தாள் சிரித்தாள். “பொய் சொல்லியிருந்தீங்கன்னா வந்திருக்க மாட்டேன்.”

அமாவாசையன்று ஊர் திரண்டுவிட்டது. பழனாத்தாள் தொட்டிச் சுவரில் ஏறித் தண்ணீரில் காலை விட்டாள்.

“எங்க உட்டேன்?”

“பொண்ணூட்டு வாசல்ல!” என்றது தோட்டம். செங்கோடனின் குரல் கொஞ்சம் பிந்தி வந்தது.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. கதை இறுகியபோதெல்லாம் மண்வெட்டிகள் அந்தரத்தில் நின்றன. ஆனாலும் உச்சிப்பொழுதில் கோரை முழுவதும் கரையேறிவிட்டது. தண்ணீர் கடைக்கோடிக்குப் போய்க் கத்தரியின் வேரை நனைத்தது. எருமையும் ஒருவழியாக எழுந்தது. எழுந்து பெண் வீட்டுக்குள்ளே போய்விட்டது. அங்கே கதையை நிறுத்திவிட்டாள். ஊரே அவளைத் திட்டிக்கொண்டு கையிலிருந்த மண்ணைக் கழுவியது.

பழனாத்தாளின் அவரைப் பந்தல் வாடாமல் காய்த்திருந்தது. இத்தனை நாள் அதற்குத் தண்ணீர் விட்டது யார் என்று செங்கோடன் கேட்டான். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவன் மண்வெட்டியை வாய்க்காலில் கழுவி வைத்தான். பிறகு, சன்னலருகே நின்ற அம்மையிடம் போனான்.

“அம்மா, இத்தனை பேர் இத்தனை காலமாக வந்திருக்கிறார்கள். நான் வேலையை மட்டும்தான் பார்த்தேன், ஒருவரிடமும் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. இன்று எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?”

பந்தலடியில் பழனாத்தாள் காய் பறித்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மை அந்தப் பக்கம் பார்த்தார்.

“விட்ட இடத்திலிருந்து.”

செங்கோடன் தோளிலிருந்த துண்டை எடுத்தான். இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி அவரைப் பந்தலை நோக்கி நடந்தான்.