கண்ணுக்குத் தெரியாத புகை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மலைகளுக்கு இன்னும் யாரும் பேரு வைக்காத காலத்துல, நெடுங்கானம்னு ஒரு ராஜ்யம் இருந்துச்சு. ஊரைச் சுத்தி ஏழு மலை. காத்து அவ்வளவு சுத்தம். கடைவீதியில நின்னுக்கிட்டே ஏழாவது மலையில மேயுற ஆட்டைத் தலை எண்ணலாம். சிரிக்காதீங்க, எண்ணியிருக்காங்க.

அந்த ஊர்லயும் போகி உண்டு. வருஷத்துல ஒரு நாள் விடியக்காலையில, கிழிஞ்ச பாயையும் தேஞ்ச விளக்குமாறையும் வாசல்ல போட்டுக் கொளுத்துவாங்க. அந்தப் புகை மறுநாள் பொங்கல் பொங்குறதுக்குள்ள கலைஞ்சு போயிரும்.

அப்படி ஒரு போகி அன்னைக்கு, தூமகேசன்னு ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். அவன் தலைமுடி தரையில புரண்டுச்சு. நேரா ராஜா மணிமார்பர் முன்னாடி போய் நின்னான்.

"ராஜாவே, பழசைக் கொளுத்த ஒரு நாள் போதுமா? நான் ஒரு அடுப்பு கட்டித் தர்றேன். பழசைப் போட்டா புதுசு வரும். வருஷம் பூரா போகி!"

"புகை வருமே?"ன்னு ராஜா கேட்டார். நல்ல கேள்விதான். பதிலைத்தான் ஒழுங்கா கேட்டுக்கல.

"புகை யார் கண்ணுக்கும் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு."

தெரியாதுன்னா இல்லைன்னு நினைச்சுக்கிட்டார் மனுஷர். தலையை ஆட்டிட்டார்.

ஏழு பனை உசரத்துக்குப் புகைக்கூண்டு எழும்புச்சு. ஜனங்க கிழிஞ்ச பாயைப் போட்டாங்க, பட்டுப் பாய் வந்துச்சு. ஓட்டைப் பானையைப் போட்டாங்க, வெண்கலப் பானை வந்துச்சு. அப்புறம் என்ன? போன மாசம் வாங்கினது பழசாப் போச்சு. நேத்து வந்ததும் பழசாப் போச்சு. ராஜா சிம்மாசனத்தையே மூணு தடவை மாத்தினார்.

முதல் வருஷம் குருவிங்க ஊரை விட்டுப் போச்சு. "புகையாலயா?" "புகை எங்க? காணோமே!"

ரெண்டாம் வருஷம் மாம்பூ கருகிக் கொட்டுச்சு. "புகையாலயா?" "புகை எங்க? காணோமே!"

மூணாம் வருஷம் ஏழு மலையும் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு, குழந்தைங்களுக்கு இழுப்பு வந்துச்சு. வைத்தியர் குளிர்ச்சின்னார், பூசாரி கண்ணேறுன்னார். புகைன்னு ஒருத்தரும் சொல்லல.

அந்த ஊருக்குத் துணி வெளுக்கிறவ வெள்ளச்சி. அவளுக்கு இருந்தது ஒரு கழுதை, ஒரு மக. மக பேரு பூவாயி, ஏழு வயசு. ஒரு காலத்துல அவ கத்தினா ஆத்துக்கு அக்கரையில கேக்கும். இப்போ வாக்கியத்தை முடிக்க மூச்சு பத்தல. "அம்மா..."ம்பா, இழுப்பா. "மலை..."ம்பா, இழுப்பா. அதுக்கு மேல வராது. நெஞ்சுக்கூடு உள்ள போய் உள்ள போய் வரும். பெத்தவ எத்தனை நாள் அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா, சொல்லுங்க?

போதாததுக்கு அரண்மனையில ஏச்சு. "வெள்ளை வேட்டி சாம்பல் நிறத்துல வருது. ஒழுங்கா வெளுக்கத் தெரியாதா?" மூணு தடவை வெளுத்தா. மூணு தடவையும் கொடியில காயும்போதே கறுத்துச்சு.

அப்போ கழுதை பேசுச்சு. கழுதை பேசுமான்னு கேக்காதீங்க. அந்தக் காலத்துல பேசுச்சு, கேக்கத்தான் ஆளில்ல.

"வெள்ளச்சி, மந்திரம் போட்டது மனுசங்க கண்ணுக்குத்தான். துணிக்கு யாரும் மந்திரம் போடல. போய் அந்த அடுப்படியைப் பாரு."

வெள்ளச்சி போனா. அடுப்புக்குப் பின்னாடி வரிசை வரிசையா மண் கலயம், வாய் கட்டி வச்சிருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஏதோ மூச்சு விடுது. ஒரு கலயத்துல பூவாயி இழுப்புச் சத்தம். பெத்தவளுக்குத் தெரியாதா?

"இது என் மக மூச்சுடா!"ன்னு அலறினா.

"ஆமா. புகை உள்ள போகும், மூச்சு வெளிய வரும். எனக்குச் சொந்த மூச்சு கிடையாது. இதுலதான் உசிரு வாழறேன்"னான் தூமகேசன்.

"திருப்பிக் குடு!"

"என்கிட்ட ஏன் கேக்குற? அடுப்புல போட்டவங்க அந்தப் புகையைக் கண்ணால பாக்கணும். 'இது என்னுது'ன்னு அவங்கவங்க வாயால சொல்லணும். அப்போதான் அணையும். சொல்லுவாங்களா?" கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான், படுபாவி.

வெள்ளச்சி பூவாயியைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா ராஜசபைக்குப் போனா.

"மகாராஜா, எனக்கு வெளுக்கத் தெரியலேன்னுதானே ஏசினீங்க? இன்னைக்கு உங்க துணியை நீங்களே வெளுங்க. ஊர் ஜனம் பூரா அவங்கவங்க துணியை வெளுக்கட்டும். அப்பவும் கறுத்தா அது யார் குத்தம்?"

சபை கொதிச்சுது. ராஜா அந்தக் குழந்தையோட நீலம் பாரிச்ச உதட்டைப் பார்த்தார். என்ன தோணுச்சோ, எழுந்து ஆத்துக்கு நடந்தார்.

அன்னைக்கு அந்தத் துறையில நடந்த கூத்து! ராஜா தலைப்பாகையைக் கல்லுல அடிக்கிறார். மந்திரி அழுக்கெடுக்கப் போடுற உவர்மண்ணைக் கண்ணுல தேய்ச்சுக்கிட்டுக் குதிக்கிறார். கொடி கட்டி, ஊரே வெள்ளையா காயப் போட்டு, வெயில்ல உக்காந்து பார்த்துச்சு.

உச்சிப்பொழுதுக்குள்ள அத்தனை துணியும் கறுத்துப் போச்சு.

எல்லாரும் ஒண்ணா வாயைத் திறந்தாங்க. குயவர் சுண்ணாம்புக் காளவாய்க்காரரைக் காட்டினார். காளவாய்க்காரர் அரண்மனையைக் காட்டினார். மந்திரி ஜனங்களைக் காட்டினார். விரல்தான் நீண்டுச்சு, ஒருத்தராவது தன்னைக் காட்டிக்கல. பூவாயி இழுப்பு நின்னு நின்னு வந்துச்சு.

வெள்ளச்சி கறுத்த துணியைக் கையில பிடிச்சா.

"இது என்னுது! பூவாயி படுத்த தொட்டில் சேலையை நான்தான் அடுப்புல போட்டேன். நல்ல சேலைதான். புதுசு மேல ஆசை. எம் பிள்ளைக்கு எமனா நானே இருந்துட்டேனே!"

அவ கையில இருந்த துணி வெளுத்துச்சு. அடுப்படியில தூமகேசன் தலையில ஒரு முடி சாம்பலாக் கொட்டுச்சு.

குயவர் பொண்டாட்டி பேச்சாயி எழுந்தா. "இது என்னுது." காளவாய்க்காரர் எழுந்தார். "இது என்னுது." ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்ல ஒவ்வொரு துணியா வெளுத்துச்சு. ஊர் மேல கவிஞ்சு கிடந்த புகை அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிஞ்சுது. பார்த்தவங்க வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. கடைசியா ஒரு தலைப்பாகை மட்டும் கறுப்பா நின்னுச்சு.

ராஜா அதைக் கையில எடுத்தார்.

"இது என்னுது. எல்லாத்துக்கும் முதல்ல தலையாட்டினது நான்."

அடுப்பு அணைஞ்சுது, புகை கலைஞ்சுது. தூமகேசன் நின்ன இடத்துல ஒரு கைப்பிடி கரிதான் கிடந்துச்சு. கலயமெல்லாம் படபடன்னு உடைஞ்சு, மூச்செல்லாம் அதது வீடு தேடிப் போச்சு.

பூவாயி கண்ணைத் திறந்தா. ஒரே மூச்சுல கத்தினா: "அம்மா, மலை எங்க போச்சுன்னுதானே இத்தனை நாளாக் கேட்டேன், அந்தா தெரியுது பாரு!" அக்கரையில கேட்டுச்சு அந்தச் சத்தம். வெள்ளச்சி அவளைக் கட்டிக்கிட்டு விம்மி விம்மி அழுதா.

ஆனா ஒரு கலயம் மட்டும் உடையல. அடுப்படிக்கு ஓடின பேச்சாயி அதை எடுத்துத் திறந்து பார்த்தா. வெறும் கலயம். இழுப்புல செத்துப்போன அவ சின்ன மக மூச்சைத் தூமகேசன் முன்னாடியே குடிச்சு முடிச்சிருந்தான். எந்த மந்திரத்தாலயும் அதைத் திருப்ப முடியல. அந்தக் கலயத்தை அவ மடியை விட்டு இறக்கவே இல்ல.

ராஜா வெள்ளச்சிக்கு என்ன வேணும்னு கேட்டார். அவ பொன்னும் கேக்கல, பொருளும் கேக்கல. அரண்மனை வாசல்ல தினம் ஒரு வெள்ளைத் துணி காயணும், சாயங்காலம் ராஜாவே வந்து பாக்கணும், கறுத்தா யார் புகைன்னு தேடிப் போகணும், அவரோடதா இருந்தாலும் சொல்லணும்னா. அப்படியே நடந்துச்சு. மழைக்குப் பிறகு மாம்பூ வந்துச்சு, குருவியும் வந்துச்சு.

தினம் அந்தத் துணியை வெளுத்துக் கட்டுற வேலையைப் பேச்சாயி கேட்டு வாங்கிக்கிட்டா. வெள்ளச்சி துறையில அவளுக்குப் பக்கத்துக் கல்லை விட்டுக் குடுத்தா.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. எழுந்து போங்க. போற வழியில உங்க வீட்டுக் கொடியில காயுற வெள்ளைத் துணியைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போங்க.