தனியே ஈசல் தின்னப் போன தவிட்டுக்குருவி

கிட்ட வந்து உட்காருங்க, சின்னக் கதைதான்.

ஒரு காட்டில், குளத்தங்கரை இலந்தைச் செடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தார்கள். ஏழும் அக்கா தங்கைகள். அந்த வீட்டில் ஒரு சட்டம். ஏழு தலையும் ஆடினால்தான் எதுவும் நடக்கும். தண்ணீர் குடிக்கப் போவதானாலும் அப்படித்தான்!

அன்றைக்கு மழை விட்டது. எதிர்க்கரைப் புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டது. கொஞ்ச நேரம்தான் பறக்கும், அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. மழையில் இரண்டு நாளாய்ப் பட்டினி கிடந்த கடைசித் தங்கை பொன்னரும்பு துடித்தாள்.

"அக்கா, கிளம்புங்க!"

"இருடி, வழியெல்லாம் ஈரமா இருக்கு," என்றாள் பெரியக்கா.

"பறக்கிறவளுக்கு வழி எதுக்குக்கா?"

"போன தடவை ஈசல் கசந்துச்சு," என்றாள் இரண்டாமவள்.

"நீ தின்னது ஈசலா? அது எறும்புடி!" என்றாள் மூன்றாமவள். அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது.

"அப்போ நான் மட்டும் போறேன்!" என்றாள் பொன்னரும்பு.

ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். "தனியாவா! வல்லூறு வந்தா யாருடி பார்ப்பா?" அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

"நானே பார்த்துக்கிறேன்!" பறந்தே விட்டாள்.

புற்றுக்குப் பக்கத்தில் இறங்கியதும் சுற்றும் முற்றும் பார்த்தாள். இலை அசைந்தாலும் துள்ளினாள். தன் நிழலுக்கே ஒரு தடவை பயந்து ஓடினாள். பிறகு ஒரு வழி கண்டாள். ஒரு கொத்து, மேலே ஒரு பார்வை. மறுபடி ஒரு கொத்து, ஒரு பார்வை. பிடுங்கித் தின்ன ஆளில்லை, அவசரப்படுத்தவும் ஆளில்லை. "அட, உலகம் இவ்வளவு அமைதியா இருக்குமா!" வயிறு நிறைந்தது.

அப்போதுதான் வானத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். வல்லூறு! நேரே இலந்தைச் செடியைப் பார்த்து இறங்கியது. அங்கே அக்காமார் இன்னும் எறும்பா ஈசலா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். மேலே பார்க்கிற வேலையை வேறொருத்தி பார்க்கிறாள் என்று ஆறு பேருமே நினைத்திருந்தார்கள்!

"வல்லூறு! முள்ளுக்குள்ள போங்கக்கா!" என்று குளமே அதிரக் கத்தினாள் பொன்னரும்பு.

யாரும் தலையாட்டக் காத்திருக்கவில்லை. ஆறும் முள்ளுக்குள் பாய்ந்தார்கள். வல்லூறு ஏமாந்து போனது.

பொன்னரும்பு பறந்து வந்ததும் பெரியக்கா மெல்லத் தலையை நீட்டினாள். "அவ்வளவு தூரத்திலே இருந்த உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"அங்கே எனக்காகப் பார்க்க யாருமில்லையேக்கா! அதான் நானே பார்த்தேன்."

இவளைப் பாராட்டுவதா, திட்டுவதா என்று அக்காமார் கூடிப் பேச உட்கார்ந்தார்கள். தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கே எந்தத் திசையும் சொந்தம்; பொன்னரும்பு அலகைத் துடைத்துக்கொண்டு, அடுத்த புற்றைத் தேடித் தனியே பறந்தாள்.